நெய்த பிறகு கூலி பேசியவள்

2018 பிப்ரவரி 20ஆம் தேதி கோவையில் ஒரு நகை அடகுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்கு அப்பா போட்ட ஆரத்தை எடைபோட்டு 1,20,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தார்கள். அதில் 1,17,000 ரூபாயை அன்று சாயங்காலமே ஜிஎஸ்டியாகக் கட்டினேன். ஒரு பைசாகூட எனக்கு வந்து சேராத ஒரு பில்லுக்கு அந்த வரி. கம்பெனி ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அழுகையெல்லாம் வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாத கோபம். இதை முன்னாடியே ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. இப்போது கோவை, ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள் சிலர் "அக்கா, நாங்களும் மார்க்கெட் ரிசர்ச் கம்பெனி ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்" என்று போன் செய்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் சொல்வதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சோமனூர் பக்கம். அப்பா எட்டு விசைத்தறி போட்டு கூலிக்கு நெய்தவர். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், துணியாக்கிக் கொடுத்தால் கூலி. தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் கத்தித்தான் பேசுவோம். களப்பணிக்கு அது ஒரு வசதியாகவே போய்விட்டது, பனியன் கம்பெனிக்குள் வரிசையாகப் பவர் டேபிள் ஓடிக்கொண்டிருந்தாலும் நான் கேட்கிற கேள்வி முதலாளி காதில் விழுந்துவிடும்.

அந்தப் பனியன் கம்பெனிகளுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது 2010ல், எம்பிஏ பிராஜெக்டுக்காக. அறுபது பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வர வேண்டும். 'மிகவும் திருப்தி' முதல் 'சற்றும் திருப்தியில்லை' வரை ஐந்து கட்டங்கள், இருபத்திரண்டு கேள்விகள். திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு ஜாப் ஒர்க் முதலாளி, அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குச் செய்து கொடுப்பவர், ஐம்பது வயது இருக்கும், ஃபாரத்தை வாங்கி எல்லாக் கேள்விக்கும் 'மிகவும் திருப்தி'யில் மளமளவென்று டிக் அடித்துக் கையில் கொடுத்தார். "முடிஞ்சுதுங்களா அம்மணி? இனி டீ குடிச்சுட்டு நெசமாலுமே என்ன தெரிஞ்சுக்கோணும்னு கேளுங்" என்றார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஆர்டர் கொடுக்கிற எக்ஸ்போர்ட்டர் எத்தனை நாள் கழித்துப் பணம் தருகிறார், சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடாவுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி யார் யாரிடம் கைமாற்று கேட்க வேண்டியிருக்கிறது, துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்கு ஆள் கிடைக்காமல் ஒரு லாட் எப்படி நின்றுபோனது என்று எல்லாம் வந்தது. ஃபாரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தேன். கல்லூரியில் கைடு அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னாடி எழுதினதெல்லாம் டேட்டா இல்லம்மா" என்றார். முன்பக்கத்து டிக்குகளை வைத்துச் சதவீதம் போட்டுக் கொடுத்தேன், நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்தப் பிராஜெக்டில் உருப்படியான விஷயம் பின்பக்கத்தில்தான் இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும்.

அதில் கற்றுக்கொண்டதை இன்றும் என் ஆட்களுக்கு முதல் நாளே சொல்லுகிறேன். நம் ஊரில் எந்த முதலாளியிடமும் "டர்ன்ஓவர் எவ்வளவுங்க" என்று கேட்காதீர்கள், வரி ஆபீஸ் ஆள் மாதிரித் தெரிவீர்கள். அவர் தினமும் எண்ணுகிற எதையாவது கேளுங்கள். எத்தனை மெஷின் ஓடுகிறது, ஒரு ஷிப்டா ஒன்றரை ஷிப்டா, சனிக்கிழமை எத்தனை பேருக்குச் சம்பளம், இது மூன்றும் தெரிந்தால் மீதியை நாமே போட்டுக்கொள்ளலாம். தறிக்காரரிடம் கரண்ட் பில் கேளுங்கள். 2016லிருந்து விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம், 2023ல் அது 1,000 ஆனது. அதற்கு மேல் எவ்வளவு கட்டினார் என்று தெரிந்தால் தறி எவ்வளவு ஓடியது என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும். அதே மாதிரி, திருப்பூரில் சனிக்கிழமை யாரையும் தேடிப் போகாதீர்கள், பட்டுவாடா நாளில் கடவுளே வந்தாலும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். ஈரோட்டு ஜவுளிக் கடைக்காரர்களைத் திங்கட்கிழமை ராத்திரியும் செவ்வாய்க்கிழமையும் தொந்தரவு செய்யாதீர்கள், அது வாரச் சந்தை நேரம்.

படிப்பு முடித்து ஒரு பேராசிரியரிடம் கள உதவியாளராக இருந்தேன். திருப்பூரின் சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளைப் பற்றிய ஆய்வு. 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எங்கள் கையில் இருந்த கேள்வித்தாளில் "கடந்த மூன்று மாதங்களில் உங்கள் உற்பத்தி கூடியதா, குறைந்ததா" என்று இருக்கிறது. துணிக்குச் சாயம் போட வழியில்லை, நாங்கள் போய் நின்ற இடத்தில் பூட்டு. பக்கத்துப் பெட்டிக் கடையில் உட்கார்ந்திருந்த அந்த யூனிட்காரர், "கொறஞ்சுதான்னா கேக்கறீங்க? அங்க தொங்கற பூட்டையே எழுதிக்குங்" என்றார். பேராசிரியர் அன்று ராத்திரியே பதினாறு பக்கக் கேள்வித்தாளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரே பக்கத்தில் புதிதாக எழுதினார். துணியைச் சாயம் போட இப்போது எந்த ஊருக்கு அனுப்புகிறீர்கள், லாரி வாடகை யார் கொடுக்கிறார்கள், கடன் யார் தருகிறார்கள் என்று. அவ்வளவு உழைத்து அச்சடித்ததை அவர் யோசிக்காமல் தூக்கி வைத்தது எனக்குப் பெரிய பாடம். அதனால்தான் இன்றைக்கும் முதல் முப்பது ஃபாரத்தைச் சோதனைக்கென்றே ஒதுக்கிவிடுவேன், அதில் கேள்வி மாறாமல் போனால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

2012லிருந்து ஐந்து வருடம் ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தில் களக் கண்காணிப்பாளர் வேலை. பம்ப் டீலர், சிமென்ட் கடை, சலவைத்தூள், வாடகை வீடு என்று கேட்காத சாமான் இல்லை. அங்கே முக்கியமாகக் கற்றுக்கொண்டது கள்ள ஃபாரத்தைக் கண்டுபிடிப்பது. களத்துக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்து நிரப்பிக் கொண்டுவருவார்கள். ஒரே பேனா, ஒரே அழுத்தம், மடிப்பே விழாத காகிதம், இதெல்லாம் சுலபமாகச் சிக்கும். சிக்காதவனைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. வயதுப் பத்தியை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். நிஜ மனிதர்கள் வயதைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "முப்பத்தஞ்சுன்னு போட்டுக்கோ", "நாப்பது இருக்கும்", "அம்பதுக்கு மேலதான்", இப்படித்தான் வரும். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கிலேயே வயது 0லும் 5லும் முடிகிற இடங்களில் கூட்டம் முட்டி நிற்கும். கற்பனை செய்து எழுதுகிறவன்தான் உண்மை மாதிரி இருக்கட்டும் என்று 37, 43, 29, 46 என்று எழுதுவான். பொய் சொல்கிறவனுக்குத்தான் கணக்கு அவ்வளவு துல்லியமாக வரும்.

இவ்வளவும் தெரிந்த திமிரில்தான் 2017 ஜூனில் வேலையை விட்டேன். கையில் மூன்றரை லட்சம் சேமிப்பு. காந்திபுரத்தில் ஒரு மாடி அறை, இரண்டு மேஜை, என் பெயரிலேயே தனிநபர் நிறுவனம். ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்தது. பெரிய கம்பெனிக்கு பில் போட வேண்டுமென்றால் ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் மதிப்பார்கள் என்று யாரோ சொல்ல, நானும் பதிவு செய்துகொண்டேன். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவே வேண்டாம். அந்த வருடம் எனக்கு அதில் பாதிகூட வரவில்லை. உங்களுக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருக்கும், கௌரவத்துக்காகப் பதிவு செய்யாதீர்கள், ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆகஸ்டில் அந்தப் பெரிய வேலை வந்தது. கோவையில் வெட் கிரைண்டர் செய்கிற ஒரு கம்பெனி. சின்னக் குடும்பங்களுக்கென்று, விலை குறைவாக, சின்னதாக ஒரு புது மாடல் போடப் போகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் என்று ஆறு மாவட்டத்தில் 900 வீடு, 150 டீலர் பார்த்து ஓடுமா ஓடாதா என்று சொல்ல வேண்டும். 6,50,000 ரூபாய், வரி தனி. எம்டி நேரில் உட்கார வைத்து காபி கொடுத்து, "நம்மூர்ப் பொண்ணு, நல்லாப் பண்ணுவீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். முன்பணம் கேட்க வாய் வரவில்லை. ஒப்பந்தம் கிடையாது, அவர் உதவியாளர் அனுப்பிய நாலு வரி மின்னஞ்சல்தான். அடுத்தவர் வீட்டுச் சம்பளம், செலவு, கடன் எல்லாம் கூச்சமில்லாமல் கேட்கிற பிழைப்பு என்னுடையது, என் பணத்தைப் பற்றிக் கேட்க மட்டும் கூச்சம்.

செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். வீட்டு ஃபாரம் ஒன்றுக்கு 140 வீதம் 1,26,000. டீலர் ஒருத்தருக்கு 300 வீதம் 45,000. மூன்று கண்காணிப்பாளர்களுக்கு இரண்டரை மாதச் சம்பளம் 1,35,000. பஸ், லாட்ஜ், சாப்பாடு 82,000. டேட்டா என்ட்ரி 36,000, பயிற்சி 20,000, அச்சு 16,000. ஆக 4,60,000. மிச்சம் 1,90,000 என் சம்பளம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சேமிப்பு தீர்ந்ததும் என் நகைச்சீட்டை முன்கூட்டியே முடித்து அதையும் உள்ளே போட்டேன்.

முதல் அடி தீபாவளி. அந்த வருடம் அக்டோபர் 18. திருப்பூரில் லைன் வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன, வெளியூர்க்காரர்கள் எல்லோரும் பத்து நாள் முன்னாடியே மூட்டை கட்டியாகிவிட்டது. பனியன் கம்பெனிகளைப் பற்றிப் படித்துப் படித்து வளர்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இரண்டு வாரம் கண்காணிப்பாளர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், சம்பளம் மட்டும் ஓடியது.

இரண்டாவது அடி என் சொந்த ஆட்களிடமிருந்து. நவம்பரில் ஈரோடு மாவட்டத்து ஃபாரங்கள் வந்தன. வயதுப் பத்தியைப் படித்தேன். 31, 44, 38, 27, 52, 36. அடுத்த பக்கமும் அப்படியே. 130 ஃபாரத்தில் முப்பத்தைந்தோ நாற்பதோ ஒருத்தர்கூட இல்லை. வயிற்றைப் பிசைந்தது. இரண்டு பையன்கள், பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மூன்று நாளில் முடித்திருக்கிறார்கள். கூப்பிட்டு வைத்துத் திட்டித் தீர்த்தேன். அதில் ஒருத்தன் கடைசிவரை தலையைக் குனிந்துகொண்டே இருந்துவிட்டு, "மேடம், மூணு வாரமா பஸ் காசே வரலைங்க, எதுல போறது" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கம்பெனி எனக்குத் தரவில்லை, நான் அவனுக்குத் தரவில்லை. அவன் செய்தது திருட்டுத்தான், ஆனால் அதில் என் பங்கும் இருந்தது. அந்த 130 வீட்டையும் மறுபடி பார்க்க 31,000 ரூபாய்.

அதற்குப் பிறகு கல்லூரியில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காகப் படித்த ஒரு விஷயத்தைத் தூசி தட்டி எடுத்தேன். 1930களில் வங்காளத்தில் சணல் சாகுபடியைக் கணக்கெடுத்தபோது புள்ளியியல் அறிஞர் பி.சி. மஹலனோபிஸ் ஒரே பகுதிக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு குழுக்களை அனுப்புவாராம், இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க. நான் அதைச் சின்னதாக்கிக்கொண்டேன். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர், ஒருத்தர் பார்த்ததில் பத்தில் ஒரு வீட்டை இன்னொருத்தர் போய் மறுபடி பார்ப்பார், எந்த வீடு என்று முன்னாடியே சொல்வதில்லை. 2019லிருந்து காகிதத்தை விட்டுவிட்டு ஓடிகே என்கிற கட்டற்ற மென்பொருளில் போனிலேயே ஃபாரம். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், இடம் எல்லாம் தானாகப் பதிவாகிவிடும். டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பினால் 130 புள்ளியும் மேப்பில் பஸ் ஸ்டாண்ட் மேலேயே விழும். ஆனால் எந்த மென்பொருளையும்விட, திங்கட்கிழமை காலையில் அந்த வாரத்து பஸ் காசையும் சாப்பாட்டுக் காசையும் கையில் கொடுத்துவிடுவதுதான் கள்ள ஃபாரத்தைக் குறைத்தது. இதை நான் அடித்துச் சொல்லுவேன்.

சரி, முடிவு என்ன வந்தது? வீட்டுக்குள் போய் "உங்களிடம் கிரைண்டர் இருக்கிறதா" என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் கேள்வி "கடைசியா எப்ப மாவு ஆட்டுனீங்க" என்று இருந்தது. கோபி பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே பரணைக் காட்டினார். 2011ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மிக்ஸி, மின்விசிறியோடு வந்த இலவச கிரைண்டர் அங்கே, பழைய சேலை சுற்றிய மேனிக்கு. "அது கெட்டுப்போகலைங், நல்லாத்தான் இருக்குது. முக்குக் கடையிலயே மாவுப் பாக்கெட் கெடைக்குது, ரெண்டு பேருக்கு எதுக்குங் ஊறப் போட்டு, ஆட்டி, கழுவி" என்றார். கிட்டத்தட்ட அதே பதில்தான் வீட்டுக்கு வீடு. அவர்கள் குறிவைத்த சின்னக் குடும்பங்களிடம் பெரும்பாலும் ஒரு கிரைண்டர் சும்மா கிடந்தது, வேலை மாவுப் பாக்கெட்டுக்குப் போய்விட்டிருந்தது. டீலர்கள் மட்டும் "ஓடும், போடுங்க" என்றார்கள். சரக்கு விற்ற பிறகுதான் அவர்கள் பணம் கட்டுவார்கள், ஓடாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், அவர்களுக்கு என்ன நஷ்டம்?

2018 ஜனவரி 12ஆம் தேதி ரிப்போர்ட்டையும் பில்லையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எம்டி கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது, அந்த மாடலை வார்க்கிற அச்சை, டை என்பார்கள், அதைச் செய்ய அவர் செப்டம்பரிலேயே பணம் கட்டிவிட்டிருந்தார். பாங்குக்கும் பங்காளிகளுக்கும் காட்ட அவருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டிருக்கிறது, அதற்குத்தான் நான். "உங்க சர்வே எங்கியோ தப்புங்க, எங்க டீலருங்க எல்லாரும் ஓடுதுங்கறாங்க" என்றார். கிளம்பும்போது காபி வரவில்லை.

பில் போட்ட மறு மாதம் 20ஆம் தேதி வரி கட்ட வேண்டும். பணம் வந்ததா இல்லையா என்று சட்டம் கேட்காது, பில் தேதிதான் கணக்கு. இப்படித்தான் அந்த அடகுக் கடைக்குப் போனேன். அன்று ராத்திரி சோமனூர் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊடை நூல் சுற்றிய தார்க் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாவு பூட்டறதுக்கு முன்னாடி கூலி பேசாதவன் தறிக்காரன் மட்டுந்தான்னு நெனச்சுட்டிருந்தேன் சாமி. உன்னையப் படிக்க வெச்சும் நீயும் நெய்து குடுத்துட்டுத்தான் கூலி கேட்டிருக்கறே" என்றார். எங்கள் பக்கம் கூலிக்காகத் தறிகள் நிற்பது பழகிப்போன சங்கதி, 2022 தொடக்கத்தில்கூட வாரக்கணக்கில் நின்றது. ஆறு மாவட்டத்துச் சமையல்கட்டைப் படித்த நான் எங்கள் வீட்டுத் தறிக் குடோனைப் படிக்கவில்லை.

பணத்தைத் துரத்திய கதை பதினான்கு மாதம். முழுக்கச் சொன்னால் உங்களுக்கும் சலிக்கும், எனக்கும் ரத்தக் கொதிப்பு ஏறும். மொத்தத்தில் மூன்று தவணையாக 2,50,000, அதில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி, பிடித்து 2,25,000 கைக்கு வந்தது. செலவு 4,91,000, வரி 1,17,000, ஆக வெளியே போனது 6,08,000. கழித்தால் 3,83,000 நஷ்டம், ஆறு மாத உழைப்பு தனி. பணம் வரவில்லை என்பதற்காகக் கட்டிய ஜிஎஸ்டியும் திரும்பி வராது. மூன்றாவது தவணை வந்ததற்குக் காரணம் என் ஆடிட்டர் சொல்லிக்கொடுத்த ஒரு கடிதம். பில் வாங்கியவர் 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்தப் பில்லைக் காட்டி எடுத்த வரிக் கழிவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். எம்டியிடம் கெஞ்சிய ஆறு மாதத்தில் நடக்காதது, கணக்குப் பிரிவுக்கு இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிய ஒரே பக்கத்தில் ஓரளவுக்கு நடந்தது. டிடிஎஸ் பிடித்தார்கள் என்றால் உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒரு தடவை பாருங்கள், பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர்களும் உண்டு.

இதைவிடப் பெரிய தவறு, நான் சிறு தொழில் பதிவு செய்யாமல் இருந்தது. 2006ஆம் வருடத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கிற அரசு இணையதளத்தில் புகார் போட்டால், பாக்கித் தகராறைத் தீர்க்கிற வசதியாக்க மன்றத்துக்குப் போகும். ஆனால் வேலையைச் செய்து கொடுத்துவிட்டு அப்புறம் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு அது உதவாது, என் கதி அதுதான். 2020 ஜூலையிலிருந்து அது உத்யம் பதிவு, ஆதார் வைத்து இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், ஏஜென்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் தர வேண்டியதில்லை. அந்த எண்ணை பில்லில் அச்சடித்துவிடுங்கள். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நம்மை மாதிரி ஆட்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், அதற்குள் தராத தொகையை அவர்கள் அந்த வருடச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது, என்றைக்குத் தருகிறார்களோ அந்த வருடம்தான். மார்ச் மாதத்தில் இப்போதெல்லாம் அவர்களே போன் செய்து "பாக்கி எவ்வளவுங்க" என்று கேட்கிறார்கள். முதல் தடவை அப்படி ஒரு போன் வந்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

இப்போது வேலை வந்தால் ஒரு பக்க ஒப்பந்தம், 50 சதவீதம் முன்பணம், களப்பணி முடிந்ததும் 30, ரிப்போர்ட் கொடுக்கும்போது 20. வரி பில்லுக்கு முன்னாடி ஒரு புரோஃபார்மா, அதாவது வரிக் கணக்கில் சேராத மாதிரி பில், அனுப்பி, கணக்குப் பிரிவு சரி என்று சொன்ன பிறகுதான் பில். முன்பணம் வாங்கினாலும் சேவைக்கு அந்த மாதமே ஜிஎஸ்டி உண்டு, அதை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், அது உங்கள் காசு கிடையாது. பணத்தைப் பேசுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்பேன். இந்த ரிப்போர்ட் வந்த மறு நாள் என்ன செய்யப் போகிறீர்கள்? செக்கில் கையெழுத்துப் போடுவது யார்? ஓடாது என்று முடிவு வந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குக் கோபப்படுகிறவர் ஏற்கெனவே டைக்குப் பணம் கட்டியவர். இந்தக் கேள்வியால் நாலைந்து வேலை கையை விட்டுப் போயிருக்கிறது, அதில் இரண்டுக்காக வருத்தமும் பட்டேன், 2020 ஊரடங்கில் களமே இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அந்த வருத்தம் கொஞ்சம் அதிகம். ஆரத்தை மீட்டது 2021ல்தான்.

பெருந்துறை டீக்கடையில் பிறந்த அந்த 130 ஃபாரத்தை இன்னும் வைத்திருக்கிறேன். வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் அந்தக் கட்டைக் கொடுத்து, படித்துவிட்டு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள் என்பேன். பெரும்பாலோர் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பார்கள். போன மாதம் காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், பி.காம். முடித்தவள். பத்து நிமிடம் புரட்டினாள். "அக்கா, இந்த ஊர்ல யாருக்குமே நாப்பது வயசு ஆகலீங்களா?" என்றாள். அப்போதே திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து நின்றாள்.

"பஸ் காசு முன்னாடியே குடுத்துருவீங்கல்லக்கா?"